வட்டுப் போர் முடிந்தது, வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்

2008 மார்ச் 8-ஆம் தேதிக்குப் பிறகு நம் பேராக்கில் எந்தக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் தேர்தல் பேச்சாகத்தான் இருந்தது. யார் வந்தார், யார் போனார் என்ற அந்தச் சூட்டில், ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்பே வெளியான இன்னொரு முடிவை நம்மில் பலர் கவனிக்கவில்லை. பிப்ரவரி 19-ஆம் தேதி தோக்கியோவில் தோஷிபா நிறுவனம், ‘எச்.டி. டிவிடி’ கருவிகளை இனித் தயாரிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. எதிரணியில் நின்ற சோனி, பானசோனிக், பிலிப்ஸ், சாம்சுங் முதலியோரின் ‘புளூ-ரே’ வென்றுவிட்டது. இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக நீடிக்காத போர் இது.

தோஷிபாவுக்கு நட்டம் என்றால் சிலிபினில் குடியிருக்கும் நமக்கு என்ன என்று கேட்கலாம். அந்தச் சமயத்தில் இங்கே பக்கத்துத் தாமானில் இருக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். பொறியாளர். தீபாவளிக்குப் பெரிய தட்டைத் திரை டிவி வாங்கியவர். “அண்ணே, அமெரிக்காவுல இருக்கிற கூட்டாளி எச்.டி. டிவிடி பிளேயர் வாங்கிட்டு வரேன்னு சொல்றான். அங்க அடிமாட்டு விலைக்குப் போகுதாம். இங்க புளூ-ரே விலையைக் கேட்டா தலை சுத்துது. எதை வாங்கறது?” என்று கேட்டார்.

“இப்போதைக்கு ரெண்டும் வேணாம் தம்பி” என்றேன். ஏன் என்று அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு வட்டுகளும் பார்வைக்குச் சாதாரண டிவிடியைப் போலவேதான் இருக்கும். டிவிடியைச் சிவப்பு லேசர் ஒளி படிக்கிறது. புதிய இரண்டையும் நீல ஊதா லேசர் படிக்கிறது. தடித்த முனைப் பேனாவால் ஒரு பக்கத்தில் பத்து வரி எழுதினால், மெல்லிய முனைப் பேனாவால் அதே பக்கத்தில் ஐம்பது வரி எழுதிவிடலாம் அல்லவா? அதுபோலத்தான். ஓர் அடுக்கில் டிவிடி 4.7 கிகாபைட் கொள்ளும். எச்.டி. டிவிடி 15 கொள்ளும். புளூ-ரே 25 கொள்ளும். நம் டிவிடி படத்தில் 576 கோடுகள் என்றால் இவற்றில் 1,080 கோடுகள். படம் அவ்வளவு துல்லியமாக இருக்கும்.

எச்.டி. டிவிடியில் தகவல் பதியும் அடுக்கு, பழைய டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதனால் டிவிடி ஆலைகளையே கொஞ்சம் மாற்றி அதை அச்சிட முடிந்தது. செலவு குறைவு. புளூ-ரேயில் அந்த அடுக்கு மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீட்டர் அடியிலேயே இருக்கிறது. புது இயந்திரங்கள் வேண்டும், கீறல் விழாமல் காக்கக் கடினமான பூச்சும் வேண்டும். 2006-இல் அமெரிக்காவில் தோஷிபாவின் முதல் கருவி 499 டாலருக்கு வந்தபோது, சாம்சுங்கின் முதல் புளூ-ரே கருவி 999 டாலர். 2007 நவம்பரில் தோஷிபா கருவி ஒன்று 100 டாலருக்கும் கீழே போனது.

மலிவான பொருள்தானே வெல்ல வேண்டும்? வெல்லவில்லை. சோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள்ளேயே புளூ-ரேயை வைத்து வீடுகளுக்குள் நுழைத்துவிட்டது. அதுவரை இரண்டு வகையிலும் படம் வெளியிட்டு வந்த வார்னர் நிறுவனம், 2008 ஜனவரி 4-ஆம் தேதி, இனி புளூ-ரே மட்டும்தான் என்று சொன்னது. பிப்ரவரி 15-ஆம் தேதி வால்மார்ட் பேரங்காடியும் அதே பக்கம் சாய்ந்தது. அடுத்த நான்காம் நாள் தோஷிபா கையை விரித்தது. கருவியின் விலையோ தரமோ இந்தப் போரை முடிக்கவில்லை. படத்தை வைத்திருப்பவரும் கடையை வைத்திருப்பவரும் முடித்தார்கள். நம்மிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

இது புதிய கதையும் அல்ல. 1975-இல் சோனி பேட்டாமேக்ஸ் வீடியோவைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஜேவிசி, விஎச்எஸ் என்ற பெரிய டேப்பைக் கொண்டுவந்தது. படம் பேட்டாமேக்சில்தான் நன்றாக இருக்கும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் தொடக்கத்தில் அதன் டேப்பில் ஒரு மணி நேரம்தான் பதிய முடிந்தது. விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஜேவிசி தன் தொழில்நுட்பத்தைப் பல நிறுவனங்களுக்குக் கொடுத்தது. கருவிகள் பெருகின, கருவிக்கு ஏற்ற டேப்புகளை வாடகைக் கடைகள் வாங்கி அடுக்கின. 1988-இல் சோனியே விஎச்எஸ் கருவி செய்யத் தொடங்கியது. அன்று தோற்ற சோனி 2008-இல் வென்றது. பேட்டாமேக்ஸ் வாங்கியவரும் எச்.டி. டிவிடி வாங்கியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

நடுவே விசிடி வந்தது. அமெரிக்கர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நம் பக்கத்தில் அது வீட்டுக்கு வீடு புகுந்தது. ஒரு வட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று வட்டு. சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் எழுந்துபோய் வட்டை மாற்ற வேண்டும். படமும் அவ்வளவு தெளிவில்லை. ஆனாலும் விலை மலிவு, நம் ஊர் ஈரக் காற்றில் டேப்பைப் போல் பூசணம் பிடிப்பதில்லை, பசார் மாலாமில் கிடைத்தது. அது போதுமாக இருந்தது.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். எச்.டி. டிவிடி கருவி பழைய டிவிடிகளையும் ஓட்டும் என்பது உண்மை. ஆனால் அதற்கென்று புதுப் படங்கள் இனி வரப்போவதில்லை. யூனிவர்சல், பாராமவுண்ட் நிறுவனங்களும் 2008 பிப்ரவரி மாதமே புளூ-ரே பக்கம் போய்விட்டன. அமெரிக்காவில் விற்கும் கருவி அந்த நாட்டு மின்னழுத்தத்துக்குச் செய்தது, நம் வீட்டு 240 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகை வரலாம். பழுதானால் இங்கே கேட்க ஆளில்லை. உள்ளூர்க் கடையில் வாங்கிய பொருள் என்றால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கும். 2008-இல் 25,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் தொடுக்க முடிந்தது. கூட்டாளி பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த பொருளுக்கு யார் மேல் வழக்குப் போடுவது?

சரி, வென்றவனையே வாங்கிவிடலாமா? அப்போது அவசரம் வேண்டாம் என்றேன். 2007 நவம்பருக்குப் பிறகு அறிமுகமாகும் புளூ-ரே கருவிகளுக்குப் புதிய விதி வந்திருந்தது. அதற்கு முந்திய பல கருவிகளில் புது வட்டுகளின் சில கூடுதல் அம்சங்கள் இயங்கா. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளப் பார்க்கக்கூடிய நேரம் அது. வீட்டில் இருப்பது பழைய குழாய் டிவி என்றால் புளூ-ரேயால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈப்போ கடைகளில் நான் அன்று தேடியவரை புளூ-ரேயில் ஒரு தமிழ்ப் படமும் என் கண்ணில் படவில்லை.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி, வட்டார எண். டிவிடியில் மலேசியா 3-ஆம் வட்டாரம், இந்தியா 5-ஆம் வட்டாரம். புளூ-ரேயிலும் அப்படித்தான். மலேசியாவும் சிங்கப்பூரும் ‘ஏ’, இங்கிலாந்து ‘பி’, இந்தியா ‘சி’. சென்னையிலிருந்து சித்தி அனுப்பும் வட்டும் லண்டனிலிருந்து மாமா கொண்டுவரும் வட்டும் உங்கள் கருவியில் ஓடாமல் போகலாம். எல்லா வட்டாரத்துக்கும் பொது என்று உறையில் போட்டிருந்தால் மட்டும் கவலையில்லை. தோற்றுப்போன எச்.டி. டிவிடியில் இந்த வட்டார வேலி இல்லவே இல்லை. நம்மைப் போல் நாலா திசையிலும் உறவு வைத்திருப்பவர்களுக்கு இந்த முடிவில் ஒரு சின்ன நட்டமும் இருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தத் தம்பியிடம் ஒன்று கேட்டேன். “வீட்டுல பழைய வீடியோ டேப் ஏதும் இருக்கா?” அவருக்குப் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. சிலிபினில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1986-இல் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். யாரோ ஒரு புகைப்படக்காரர் அதை வீடியோவிலும் எடுத்துக் கொடுத்தார். வீட்டு வீடியோ கருவி பழுதாகிப் பல வருடம். பழுது பார்க்கும் கடையில் “இது தேறாது, டிவிடி வாங்கிக்குங்க” என்று சொல்லிவிட்டார்கள். டேப் அலமாரியின் அடித்தட்டில் சேலைகளுக்குக் கீழே கிடந்தது. 2007-இல் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக் காட்டலாம் என்று எடுத்துப் பார்த்தால், கண்ணாடித் திறப்பு வழியாக வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம்.

டேப்பைச் சுத்தம் செய்து டிவிடியில் மாற்றித் தரும் ஒருவரிடம் கொடுத்தோம். முதல் இருபது நிமிடம் போனது போனதுதான். தாலி கட்டியது அதில் இருந்தது. மீதி வந்தது. லயத்து வீட்டு வாசலில் பந்தல், வெற்றிலைத் தட்டு நீட்டும் அப்பா, “சாப்டீங்களா, சாப்டீங்களா” என்று வருவோர் போவோரை அவர் கேட்கும் குரல். அந்த அப்பா இறந்து அப்போது பதினோரு வருடம். அவர் குரல் வேறு எதிலும் இல்லை. அந்த லயம் இன்று இல்லை, அங்கே செம்பனை நிற்கிறது. அக்காவின் மகள் தன் தாத்தா பேசிக் கேட்டது அன்றுதான்.

சினிமாப் படம் எங்கும் போய்விடாது. விஎச்எஸ்ஸில் பார்த்த படத்தை விசிடியில் விற்றார்கள், பிறகு டிவிடியில் விற்றார்கள், புளூ-ரேயிலும் விற்றார்கள். காசு கொடுத்தால் நான்காம் முறையும் வாங்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக் கல்யாணத்தை எந்த நிறுவனமும் புது வட்டில் மறுபடி வெளியிடாது. அதற்கு நீங்கள்தான் வார்னர், நீங்கள்தான் சோனி. புது பிளேயருக்கு ஒதுக்கிய காசில் ஒரு சிறு பங்கை முதலில் இதற்குச் செலவிடுங்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. டேப்பின் முதுகுப் பக்கம் ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறிப்போய் யாரும் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. பூசணம் தெரிந்தால் கருவியில் போடாதீர்கள். டேப்பும் அறுந்துபோகலாம், கருவியின் தலைப்பகுதியும் கெட்டு அடுத்த டேப்புக்கும் பூசணம் பரவும். தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள். டேப்புகளைப் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம்.

மாற்றிய பிறகு ஒரு பிரதியோடு நிறுத்த வேண்டாம். வீட்டில் பதியும் டிவிடியில் சாயப் பூச்சு ஒன்றுதான் படத்தைத் தாங்கி நிற்கிறது. வெயிலும் சூடும் அதற்கு எமன். இரண்டு வட்டு போடுங்கள். ஒன்றை அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். கணினி இருந்தால் அதிலும் ஏற்றிவிடுங்கள். உறையின் மேல் தோட்டத்தின் பெயர், வருடம், அதில் இருப்பவர்களின் பெயர்களை எழுதுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். மூலத்து டேப்பையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பழைய டேப்பை ஓட்டும் கருவிகள் 2008-இல் ஈப்போவில் சில வீடுகளிலும் சில கடைகளிலும் உயிரோடு இருந்தன. பழுது பார்க்கத் தெரிந்த கைகள்தான் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகின்றன. புளூ-ரே பிறகும் கடையில் இருந்தது, விலையும் இறங்கியது. டேப்புக்கு அந்த நிச்சயம் இல்லை. வீட்டில் எல்லாரும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். அலமாரியின் அடித்தட்டில் இருந்து தொடங்குங்கள்.