சொத்து வரி: வட்டி ஒருவழிப் பாதையா?

1/ திருமுடிவாக்கத்துல கிளினிக் வச்சிருக்கேன். பிபி எகிறிப்போய் வந்தார் ஒரு பெரியவர். காரணம் உப்பு இல்லைங்க, சொத்து வரி. ஒரே அரையாண்டுக்கு ரெண்டு தடவை கட்டிட்டார். "அடுத்த தடவை கழிச்சுக்கலாம்"னு சொன்னாங்களாம். வட்டி? சிரிச்சாங்களாம்.

2/ நகர்ப்புறத்தில் நாம் தாமதித்தால் மாதம் 1%. வருமான வரித்துறைகூட தாமதத்துக்கு 1% வாங்கினாலும் ரீஃபண்டுக்கு மாதம் 0.5% தருது. பாதி மரியாதை! உள்ளாட்சிக்கு அதுவும் கசக்குதா?

3/ 2022-ல் வீடுகளுக்கு 25 முதல் 150% வரை ஏத்துனீங்க. பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் பணம் வேணும், ஒத்துக்கறேன். மெட்ரோ ஏர்போர்ட்டோட நிக்குது. சிட்கோ தொழிலாளிங்க ஷேர் ஆட்டோல தொங்கிட்டு வர்றாங்க. அதுக்கும் வரி கேளுங்க, தர்றோம். எங்க பணத்தை வச்சிருந்த மாசத்துக்கு வட்டியைப் போடுங்க. சட்டமன்றத்துல இதைக் கேட்க ஒரு எம்எல்ஏ இல்லையா?