மலையோரக் கடற்கரையில் ஒரு காலை உணவு



சபையின் குடும்ப முகாமை எங்கே நடத்தலாம் என்று கேட்டால், நம்மில் பலர் யோசியாமல் சொல்லும் பெயர் கொடைக்கானல். சித்திரை வெயிலில் தகிக்கும் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு, ஏறத்தாழ 7,000 அடி உயரத்துக் குளிரை விரும்பாதவர் யார்? 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரும் இதே சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்பியே 1845இல் அங்கே வீடு கட்டினார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளைகளை இம்மண்ணில் புதைத்தவர்கள் அவர்களுள் உண்டு. ஆயினும், வண்டிச்சாலை இல்லாத அந்நாட்களில் அவர்களுடைய பெட்டிகளையும், பல வேளைகளில் அவர்களையுமே, தோளில் சுமந்து மலையேற்றியவர்கள் நம் நாட்டுக் கூலியாட்கள். அமர்ந்து வந்தவர் மலையில் தங்கினார். சுமந்தவர் வெயிலுக்குத் திரும்பினார்.

சென்ற ஆண்டு நம் முகாமிலும் ஏறக்குறைய அதுவே நடந்தது. பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன்: நாள்கூலிக்குப் போகும் குடும்பங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. ஒரு தாயாரிடம் காரணம் கேட்டேன். "கட்டணத்தக்கூட கடன் வாங்கிக் கட்டிரலாம் ஐயா. மூணு நாள் கூலிய யாரு தருவா?" என்றார். மறுமொழி சொல்ல வாய் எழவில்லை. அந்தக் கட்டணத்தை நிர்ணயித்த குழுவுக்குத் தலைவன் நான்தான்.

எனக்கு மிகவும் பிரியமான முகாம் ஒன்று யோவான் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. திபேரியாக் கடல் என்று நாம் வாசிப்பது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கும் 200 மீட்டருக்குமேல் தாழ்ந்து, மலைகள் சூழக் கிடப்பது. இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்கள் விடியலில் கரையேறுகிறார்கள். கரிநெருப்பும், மீனும், அப்பமும் அங்கே ஆயத்தமாயிருக்கின்றன. சமைத்தவர் ஆண்டவரே. அவ்வளவும் ஆயத்தமாயிருந்தும், அவர்கள் பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். அவர்களுடைய உழைப்புக்கும் அந்தப் பந்தியில் இடம் கிடைக்கிறது. வந்தவர் எழுவர். அவர்களுள் இருவருடைய பெயரைச் சுவிசேஷகர் எழுதவேயில்லை. பெயர் இல்லாத அவ்விருவரும் உண்டார்கள். மலையழகையும் நீரழகையும்விட அந்த இருவரே என்னை அக்கரைக்குத் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள்.

ஆகவே இவ்வாண்டு முகாமைச் சிறுமலையில், ஒரே நாளில், ஞாயிற்றுக்கிழமையில் நடத்த விரும்புகிறேன். ஆராதனையும் அங்கேயே. நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். 18 கொண்டை ஊசி வளைவுகள். எவருக்கும் கூலி இழப்பில்லை. கடல் இல்லை, படகு இல்லை, சாக்லேட் கடைகளும் இல்லை. வாலிபர் சிலர் முகம் சுளிப்பார்கள் என்றும் அறிவேன். மலைவாழைப்பழம் உண்டு என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

கட்டணம் கிடையாது. வீட்டுக்கு வீடு சேரும் கைப்பிடி அரிசியே போதும். காட்டில் தீ மூட்டலாகாது என்பதால், விடியுமுன்னே ஆலய வளாகத்தில் சமைத்து எடுத்துச் செல்வோம். சனிக்கிழமை இரவு காய் நறுக்க ஆட்கள் வேண்டும்; பட்டியலில் என் பெயரை முதலாவதாக எழுதியிருக்கிறேன்.