நெடுவழித் துணையும் மோட்டார் சைக்கிளும்

மோட்டார் சைக்கிள் வாங்கப் புகும் இளைஞர் முதற்கண் வினவுவது "எத்தனை சி.சி.?" என்பதே. அடுத்து வினவுவது "எத்துணை விரைவு?" என்பது. அதன்பின் நிறமும் ஒலியும் ஆராயப்படும். பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்து நெடுந்தொலைவு வரவேண்டுமே, அவர் எங்ஙனம் வருவார் என்னும் வினாவோ, வண்டி வீட்டு வாயிலை அடைந்த பின்னரும் எழுவது அரிது. நம் விடுதி முற்றத்தில் மாலைதோறும் நிகழும் வண்டியாராய்ச்சிகளைக் கேட்டார் எவரும் இதனை மறுக்கார். கரடுமுரடான வழியில் துணையொடு நெடும்பயணம் செய்யக் கருதுவோர், வண்டியைத் தேருங்கால் முன்னமர்வாரது கண்கொண்டு நோக்காது, பின்னமர்வாரது உடல்கொண்டு நோக்குதல் வேண்டும் என்பதே யான் ஈண்டு நிறுவப் புகுவது.

என்னை? செலுத்துவான் குழியை முன்னரே காண்கின்றான், பிரேக்கைப் பிடிக்கின்றான், கைப்பிடியை இறுகப் பற்றுகின்றான், வேண்டுமேல் மிதிகளின்மேல் எழுந்து நின்று, அதிர்ச்சியைத் தன் முழங்கால்களால் தாங்கிக்கொள்கின்றான். பின்னமர்வார்க்கோ இவற்றுள் ஒன்றேனும் இல்லை. அவர் கண்முன் நிற்பது செலுத்துவானது முதுகேயாம். குழி வந்த செய்தி அவர்க்குக் குழியில் வீழ்ந்த பின்னரே எட்டும். அன்றியும் அவர் இருக்கை பின்சக்கரத்தின் அச்சுக்கு அணித்தாய் மேலே அமைந்திருத்தலின், அச்சக்கரம் எற்றும் எற்றெல்லாம் நேரே அவரது முதுகெலும்பைச் சாரும். ஆட்சி முழுதும் முன்னவர்க்கு. அடியிற் பெரும்பகுதி பின்னவர்க்கு. இவ்வாறிருப்ப, வண்டியைத் தேரும் உரிமையையும் முன்னவரே முழுதும் எடுத்துக்கொள்ளுதல் அறமாகுமா?

இக்கருத்து நம் முன்னோர்க்குப் புதிதன்று. பாலைத்திணையின் உடன்போக்குச் செய்யுட்களைப் பயின்றார் இதனை நன்கறிவர். தலைவனுக்கு வில்லுண்டு, வேலுண்டு, வழிநடந்த பழக்கமுமுண்டு. ஆயினும், இல்லிலிருந்து வருந்தும் செவிலியும் நற்றாயும் எண்ணி எண்ணிக் கலங்குவது, பரற்கல்லில் நடந்தறியாத தலைவியின் மெல்லடிகளைப் பற்றியேயாம். வழியின் கொடுமையை அளக்கும் கோல், அவ்வழிக்குப் பழகாதவரது அடி என்பது அவர் கொள்கை போலும். நம் ஆண்டவர் அருளிய நல்ல சமாரியன் உவமையிலும், வாகனத்தில் இருக்கை பெற்றவன் அதற்குரியவன் அல்லன். வழியில் அடியுண்டு கிடந்தவனே. இருக்கையெனப்படுவது உடையவனது பெருமைக்கன்று, உடன்வருவானது தேவைக்கே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, ஒரு வழியை முன்வைத்து இதனை ஆராய்வோம். நம் இளைஞர் பலர் கனவிற் காணும் வழி, இமாசலப் பிரதேசத்து மணாலியினின்று இலடாக்கின் லே நகர்க்குச் செல்வது. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில், 9 கிலோமீட்டருக்குச் சிறிது மிக்க நீளமுடைய அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின், ரோதங் கணவாயை ஏறாமலே கடக்கலாயிற்று. ஆயினும் பாரலாச்சா, தங்லங் முதலிய கணவாய்கள் அதற்கு அப்பாலுள்ளன. தங்லங் கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கு மேற்பட்டது. பனியுருகிய நீர் சாலையைக் குறுக்கிட்டு ஓடையாய்ப் பாயும் இடங்களும் பலவுள. தாண்டி என்னும் சிற்றூரின் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிய பலகையொன்று நெடுங்காலம் நின்று வழிச்செல்வாரை எச்சரித்தது.

இவ்வழியிற் செல்வார் முதலில் செய்யவேண்டுவது கணக்கே. செலுத்துவான் 70 கிலோ, துணைவர் 60 கிலோ, மூட்டை 25 கிலோ எனக் கொள்வோம். சுமை 155 கிலோவாயிற்று. 2019-இல் வெளிவந்த எக்ஸ்பல்ஸ் 200 என்னும் வண்டியின் எடையோ 154 கிலோ. தனியொருவன் கல்வழியிற் செல்லுதற்கு எளிமையும் சுறுசுறுப்பும் வாய்ந்த அவ்வண்டி, இருவரொடு மூட்டையும் ஏறியவழித் தன்னெடைக்கு மேற்பட்ட பாரத்தைச் சுமக்கின்றது. சுமையிற் பெரும்பங்கு பின்னே சேர்தலின், பின்பக்கத்து ஸ்பிரிங்கு அழுந்தும். முன்சக்கரம் இலேசாகித் திருப்பம் உறுதி குன்றும். விளக்கொளி சாலையை விட்டு வானத்தை நோக்கும். அழுந்திய ஸ்பிரிங்குக்கு மேலும் அழுந்த இடமின்மையின், அடுத்த குழியின் அடியை உடலே ஏற்கும். ஆகலின் வண்டியுடன் தரும் கைந்நூலில், அது சுமக்கத்தக்க மொத்த எடை எவ்வளவு என்பதையும், பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சுமைக்கேற்ப மாற்றலாகுமோ என்பதையும் முதலில் நோக்குக. குதிரைத்திறனை அதன்பின் நோக்கலாம்.

குதிரைத்திறன் வேண்டாமென்பது என் கருத்தன்று. 4,500 மீட்டர் உயரத்திற் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் உள்ளதனுள் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கேயாம். மனிதர் திணறுதல் போலவே இயந்திரமும் திணறும். கீழே 20 குதிரைத்திறன் உடைய வண்டி, ஆண்டுப் 12 அல்லது 13 குதிரைத்திறனொடு இருவரையும் ஏற்றவேண்டும். ஆயினும் ஆண்டு வேண்டப்படுவது, முதற்கியரில் மெல்ல ஏறும் இழுவிசையே. விளம்பரத்தில் தீட்டப்படும் உச்சவேகம் கல்லும் சேறுமான வழியில் எவர்க்கும் பயன்படாது.

பெட்ரோல் கணக்கும் இத்தகையதே. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 365 கிலோமீட்டர் செல்ல 12 லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். சுமையாலும் ஏற்றத்தாலும் அது 25-ஆகக் குறையின் 14½ லிட்டருக்கு மேல் வேண்டும். 13 லிட்டர் டாங்கி உடையவர் தனியே கலத்திற் பெட்ரோல் கொண்டு செல்வர். அக்கலமும் பின்னவரது காலருகேதான் கட்டப்படும்.

சென்னையை அடுத்துச் செய்யப்படும் ராயல் என்பீல்டு வண்டிகளை ஒப்புநோக்குதல் பயன்தரும். 2016-இல் வெளிவந்த ஹிமாலயன் வண்டியின் முன்சக்கரம் 200 மில்லிமீட்டரும் பின்சக்கரம் 180 மில்லிமீட்டரும் மேலுங்கீழும் அசைந்து குழிகளை விழுங்குமாறு அமைக்கப்பட்டது. இருக்கையின் உயரமோ 800 மில்லிமீட்டரே. 2023-இல் வந்த புதிய ஹிமாலயன் 40 குதிரைத்திறனும் 17 லிட்டர் டாங்கியும் உடையது; இருக்கை 825 மில்லிமீட்டராக உயர்ந்தது. 2021-இல் புதுக்கப்பட்ட கிளாசிக் 350 வண்டியில் முன்சக்கரத்தின் அசைவு 130 மில்லிமீட்டர், குதிரைத்திறன் 20. லே போன்ற வழிக்கு இருவராய்ச் செல்வார்க்கு ஹிமாலயன் போல்வனவே ஏற்றவை என்பேன். நம் மலையூர்களின் பெயர்ந்த தார்ச்சாலைக்கு, அகன்ற இருக்கை உடைய கிளாசிக் போன்ற வண்டியே அமையும். இருக்கையுயரத்தைக் கூறியது ஏனெனில், இருவர் ஏறிய வண்டி சரிவில் நிற்குங்கால், செலுத்துவானுக்கு இரண்டடியும் நிலத்தில் ஊன்றவேண்டும். ஊன்றாவிடில் முதலில் சாய்ந்து விழுவார் பின்னவரே.

ஈண்டு, நம்மிடையே பரவிவரும் வழக்கமொன்றைக் கண்டியாதிருத்தல் இயலவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 123-ஆம் விதி, பின்னமர்வார்க்குக் கைப்பிடியும், கால்மிதியும், ஆடை சிக்காதவாறு பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்பும் வேண்டுமெனக் கூறுகின்றது. இளைஞர் சிலரோ வண்டி வாங்கிய மறுநாளே அழகு கருதி, சேலைக் காப்பையும் கைப்பிடியையும் கழற்றி எறிகின்றனர். தாய் அமர்ந்து வரும் வண்டியில் அவர் பற்றுதற்குரிய ஒரே பிடியை நீக்கிவிட்டு, அதனை அழகென்று கூறுதல் எத்தகைய அழகோ அறியேன். தலைக்கவசமும் அவ்வாறே. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவில் இருவர்க்கும் அதனை விதித்தது. ஒருவர்க்கு நல்லதும் மற்றவர்க்குப் பழையதும் வாங்குமாறு கூறவில்லை. சேலையுடுத்து ஒருபுறமாய் அமர்தலும் ஊர்க்குள் சிறுதொலைவுக்கே பொருந்தும். நெடுவழியில் இருபுறமும் கால்வைத்து அமர்தற்கேற்ற உடையே தக்கது.

"வண்டியை நடத்துவான் நான், எனக்கு வாய்ப்பாக இருந்தாலன்றோ இருவரும் பிழைப்போம்?" என்பார் உளர். நேரிய கூற்றே. ஆயின், பின்னவர் களைத்துத் துவண்டு ஒருபுறம் சாயின், வண்டியும் அப்புறமே சாயும்; அஞ்சித் திடீரென அசையின் முன்னவன் கை தடுமாறும். பின்னவர் நலம் முன்னவன் நலத்துக்கு மாறானதன்று, அதன் அடிப்படையேயாம். "இத்துணை ஆராய்ச்சிக்குப் பொருள் எங்கே?" என்பார்க்கும் விடையுண்டு. புதுவண்டியே வேண்டுமென்பதில்லை. பழைய வண்டிக்கு நல்ல ஸ்பிரிங்கும், அகன்ற மெத்தையும், உறுதியான கைப்பிடியும், தேயாத டயர்களும் அமைத்தலே பெரும்பகுதிப் பயன் தரும்.

ஆதலின் நண்பர்காள்! வண்டி தேரச் செல்லுங்கால் உடன்வருவாரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் தாயாகலாம், தங்கையாகலாம், மனைவியாகலாம். மகளிர் செலுத்தும் வண்டியில் தந்தையுமாகலாம். முதலில் அவரைப் பின்னிருக்கையில் அமர்த்துங்கள். கால் மிதியை எட்டுகின்றதா, முழங்கால் மிக மடங்குகின்றதா, கை பற்ற இடமுண்டா என்று அவரையே வினவுங்கள். பின்னர்க் கல்லும் குழியுமான சாலையொன்றில் 30 கிலோமீட்டர் சென்று மீளுங்கள். இறங்கியவுடன் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வாளாநிற்பின், அவ்வண்டி எத்தனை சி.சி. உடையதாயினும் அதனை விடுத்து வேறு நோக்குங்கள். "இன்னுஞ் சிறிது தூரம் போய் வருவோமே" என்று அவர் கூறும் வண்டிக்கே விலைப்பணத்தைக் கொடுங்கள்.