நெடுந்தீவுக்கு வேண்டியது காற்றறிந்த திட்டம்

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவு போகிறவர்களுக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறை வரைதான் பேருந்து. அப்புறம் ஒரு மணி நேரக் கடல். நயினாதீவுக்கும் இதே துறையில்தான் படகு ஏற வேண்டும். அது சற்று நேரத்தில் கரை சேர்ந்துவிடும். நெடுந்தீவுப் பயணத்தை முடிவு செய்வது காற்று.

மே மாதம் தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பினால் செப்டெம்பர் வரை ஓயாது. அணியப் பக்கம் உட்கார்ந்தவர் முழுக்க நனைவார். அரிசி மூட்டைக்குத் தார்ப்பாய் போர்த்தலாம். மடியில் குழந்தையோடு வரும் தாய்க்கு எதைப் போர்த்துவது? அலை மிஞ்சினால் படகே ஓடாது. தீவிலும் அது வறண்ட காலம். முருகைக்கல் நிலத்தில் நன்னீர் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. மழை இல்லையென்றால் பல கிணறுகள் உவர்ந்துவிடும். ஐரோப்பியர் காலத்தில் வந்து காடேறிய குதிரைகளுக்கும் தண்ணீர்ப் பஞ்சம். ஆனால் பனம்பழம் விழுவதும் இந்த நாட்களில்தான். களியைப் பாயில் ஊற்றிப் பனாட்டுப் போட இந்த வெயிலும் காற்றும்தான் வேண்டும்.

ஐப்பசியில் மழை இறங்கி, பிறகு வடகிழக்குக் காற்றான வாடை திரும்பும். கிணறு தேறும், புல் தலைகாட்டும். வங்கக் கடலில் தாழமுக்கம் உருவானால் மறுபடி படகு நிற்கும். வாடையோடு பிழைப்புத் தேடி இங்கே வந்து வாடியடிக்கும் மீனவர்களைத்தான் செங்கை ஆழியான் ‘வாடைக்காற்று’ நாவலில் எழுதினார். 1978இல் அது படமாகவும் வந்தது.

இரண்டு காற்றுகளுக்கும் நடுவே, மாசி பங்குனியில் கடல் அடங்கும். நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த கச்சதீவில் அந்தோனியார் திருவிழா நடப்பதும் இந்த நாட்களில் வரும் தவக்காலத்தில்தான். ராமேஸ்வரத்திலிருந்தும் படகுகள் வரும்.

இந்தக் காற்றுகள் சொல்லாமல் வரும் விருந்தாளிகள் அல்ல. எந்த மாதம் எது வரும் என்று தீவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க, கடல் கொந்தளித்த பிறகு அவசரக் கூட்டம் போடுவதில் அர்த்தமில்லை. படகுகளின் பெரிய பழுதுபார்ப்பு சோளகத்துக்கு முன்பே முடிய வேண்டும். அரிசி, மா, எரிபொருள் இரண்டு வாரத்துக்காவது தீவில் இருப்பில் இருக்க வேண்டும். பெருநிலப்பரப்பிலிருந்து வரும் ஆசிரியர்களுக்குத் தங்குமிடம் இருந்தால் படகு நின்றாலும் வகுப்பு நிற்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் மருத்துவம். தீவில் வைத்தியசாலை உண்டு. நோய் முற்றினால் யாழ்ப்பாணம்தான் கதி, பல வேளைகளில் கடற்படைப் படகில். பிள்ளைப்பேறு அப்படித் திடீரென்று வருவதல்ல. கொந்தளிப்பு மாதங்களில் நாள் நெருங்கிய பெண்களும் துணைக்கு ஒருவரும் யாழ்ப்பாணத்தில் செலவில்லாமல் தங்க ஒரு விடுதி போதும்; ஒரு புதுப் படகு வாங்கும் பணத்தில் சிறு பங்குகூட அதற்கு ஆகாது.