காட்டைத் தின்றது யார்?

"மலைமேல் பிள்ளைகள் பெருகிவிட்டன, காடு அழிந்துவிட்டது" என்று ஆரணிப் பட்டுக்கடைகளில் உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் சொல்லும் மலை ஜவ்வாது மலை. ஆரணியின் கமண்டல நாகநதி பிறக்கும் மலை. அங்கிருந்த சந்தனமெல்லாம் எங்கே போயிற்று? மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் ஐந்தாவது குழந்தையா தின்றுவிட்டது? கீழே இருக்கும் சந்தையல்லவா தின்றது!

சமவெளியில் நாம் சாதித்ததையும் பார்ப்போம். கருத்தடை செய்துகொண்ட ஏழைகளுக்கு 1956-லேயே பணம் கொடுத்தது சென்னை ராஜ்யம். 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. ஜனத்தொகை குறையாமலிருக்கவே 2.1 வேண்டும். பிள்ளை குறைந்தது, சரி, ஏரி நிறைந்ததா? ஆற்று மணல் திரும்பி வந்ததா? ஒற்றைப் பிள்ளைக்காரர் மூன்று மாடி கட்டுகிறார். மணலும் மரமும் அங்கே போகின்றன. இந்தச் சாதனையிலும் கத்திக்குப் படுத்தவள் பெண்தான். அறுவை செய்துகொண்ட ஆண், நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மீசைக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் காட்டுக்கும் சம்பந்தமே கிடையாது என்று நான் வாதாடவில்லை. உகாண்டா நாட்டு பிவிண்டிக் காட்டில் 1996-ல் மலைக் கொரில்லாக்களுக்குச் சொறி கண்டு ஒரு குட்டி இறந்தது. காட்டோரத்து ஏழை ஜனங்களிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும் என்று கண்டார், கிளாடிஸ் கலேமா-சிக்குசோகா என்ற பெண் கால்நடை டாக்டர். உடனே "ஜனங்களை அப்புறப்படுத்து" என்று கூச்சல் போடவில்லை. 2003-ல் ஒரு ஸ்தாபனம் தொடங்கி, மனிதருக்கும் கொரில்லாவுக்கும் சேர்த்தே ஆரோக்கியம் தேடினார். கிராமத்துத் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் காசநோய் பற்றியும் சுத்தம் பற்றியும் பேசினார்கள். விரும்பிய பெண்களுக்குக் கருத்தடை ஊசியும் கிடைத்தது. முன்பு சுமார் 300 இருந்த கொரில்லாக்கள் 2018 கணக்கில் 459. காவலுக்கும் சுற்றுலாப் பணத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் வைத்தியம் முன்னே போயிற்று, உபதேசம் பின்னே வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

நம் பக்கத்தில் முறை தலைகீழ். 2023-ல் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த பெண் குழந்தை, சரியான சாலை இல்லாமல் ஆஸ்பத்திரி சேருமுன் இறந்தது. உடலை மலைமேல் கொண்டுபோக வந்த ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றுவிட, தாய் அதைக் கையில் சுமந்து நடந்தாள். பெற்றது பிழைக்குமா என்று தெரியாத அந்த மலையில், எந்தத் தாயிடம் போய் "இரண்டோடு நிறுத்து, மரம் பிழைக்கட்டும்" என்று சொல்லுவது? பட்டுக்கடைப் பிரசங்கிகள் யாராவது நடந்துபோய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.