ரயில் போன மேட்டில் சைக்கிள் போகட்டும்

பொங்கலுக்கு என் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கார் கூரை மேல சைக்கிளைக் கட்டிக்கிட்டு வந்தான். எங்க தெருப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வேடிக்கை. சைக்கிள்ல ஊருக்கு வரலாம், சைக்கிளை ஊருக்குக் கூட்டிக்கிட்டு வருவாங்களான்னு கேட்டுச்சு ஒரு பொடிசு.

மறுநாள் விடியக்காலை நாலு மணிக்கே கிளம்பினான். "ஏன்டா மாப்ள, பால்காரன்கூட இன்னும் எழுந்திரிக்கலயே"ன்னேன். "வெளிச்சம் வந்தா வண்டி வந்துரும் மாமா. ஈசிஆர்லயும் நாங்க இப்படித்தான் போவோம்"னான். ஒரு மணி நேரத்துல திரும்பி வந்துட்டான். மாயவரம் – தரங்கம்பாடி ரோடு எங்க ஊர் வழியாத்தான் போகுது. திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம்னு விடியறதுக்கு முன்னாலேயே கார் வரிசையா வரும். ஹைபீம் போட்டு எதிர்ல வந்தா, சைக்கிள்ல போறவனுக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு தடவை ரோட்டை விட்டு இறங்கிட்டானாம்.

அன்னைக்கு மதியம் திண்ணையில உக்காந்து ஒரு விஷயம் காட்டினான். ஆபீஸ் வேலையா ஆறு மாசம் ஸ்பெயின் நாட்டுல இருந்தப்ப அவன் ஓட்டின பாதை. ஒலோட்னு மலைப் பள்ளத்தாக்குல ஒரு ஊர். அங்கேருந்து ஜிரோனா நகரம் 54 கிலோமீட்டர். ஜிரோனாவுலேருந்து சான் ஃபெலியுங்கிற கடற்கரை ஊர் 39 கிலோமீட்டர். மலையில ஆரம்பிச்சு கடல்ல போய் முடியுது. பெரும்பாலான தூரம் காரும் கிடையாது, லாரியும் கிடையாது.

இத்தனைக்கும் அது சைக்கிளுக்குன்னு போட்ட பாதை இல்ல. ஒரு காலத்துல சின்ன ரயில் ஓடின தடம். 1969-ல ரயிலை நிறுத்திட்டாங்க. தண்டவாளம் போச்சு, மேடு மட்டும் கிடந்துச்சு. பின்னால அதுல மண்ணைக் கெட்டிச்சு சைக்கிள் விட்டுட்டாங்க. 1993-லேருந்து ஸ்பெயின் முழுக்க இதை ஒரு திட்டமாவே செய்யறாங்க. 'வியா வெர்டே', அதாவது பச்சை வழின்னு பேரு. இப்ப 3,000 கிலோமீட்டருக்கு மேல இருக்கு.

மலையில சைக்கிள் மிதிக்க முடியுமான்னு கேட்டேன். அதுக்குத்தான் ரயில் தடம் வேணுங்கறான். ரயிலால செங்குத்தா ஏற முடியாது. நூறு அடி போனா ரெண்டு மூணு அடிக்கு மேல ஏறாத மாதிரி வளைச்சு வளைச்சுத்தான் தடம் போட்டிருப்பாங்க. ரயிலுக்குச் சுலபமான ஏத்தம் சைக்கிளுக்கும் சுலபம். கிழவனும் ஓட்டலாம், குழந்தையும் ஓட்டலாம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியத்தை விட ஆத்தாமைதான் வந்துச்சு. ஏன்னா எங்ககிட்டயும் அப்படி ஒண்ணு கிடக்கு. மாயவரத்துலேருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடினது. சுமார் 30 கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார்னு நின்னு நின்னு போகும். சின்ன வயசுல நானும் போயிருக்கேன். 1980-களில் நிறுத்தினாங்க. தண்டவாளத்தைப் பேத்து எடுத்துட்டாங்க. மேடு பாதி கருவேல முள்ளா, பாதி எருமுட்டை காயப்போடற இடமாக் கிடக்கு.

அந்தப் பாதையில என்ன இருக்குன்னு நினைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் காவிரி பாயற வயல். வழியில திருக்கடையூர் கோயில். காந்தி 1915-ல வந்துட்டுப் போன தில்லையாடி. கடைசியில 1620-ல டேனிஷ்காரன் கட்டின கோட்டையும் கடலும். எங்க பக்கம் மலை கிடையாது. காத்துதான் எங்களுக்கு மலை. ஆடி மாசம் காலையில மேல்காத்து முதுகைத் தள்ளும், மிதிக்காமலே கடலுக்குப் போய்டலாம். திரும்பறப்ப கடல்காத்து கிளம்பற வரைக்கும் காத்திருந்து வந்தீங்கன்னா அதுவும் தள்ளி விடும். அவசரப்பட்டுத் திரும்பினா நாக்கு தள்ளிரும்.

ஆனா நான் இதை எழுதறது டூரிஸ்ட்டுக்காக மட்டும் இல்ல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால எங்க பக்கத்து வீட்டுக்காரர் கேரியர்ல புல்லுக்கட்டு வச்சுக்கிட்டு இதே ரோட்டுல வந்தார். பின்னால வந்த கார் கட்டை உரசிட்டு நிக்காமப் போயிருச்சு. இடுப்பெலும்பு விட்டுப் போச்சு. ரெண்டு கறவை மாடு வச்சிருந்தார், புல்லறுக்கப் போக முடியாம ரெண்டையும் வித்துட்டார். அவர் சைக்கிள் இன்னும் வேப்பமரத்துல சாஞ்சபடி நிக்குது.

அதுலேருந்து எங்க தெருவுல பொம்பளப் பிள்ளைகளை யாரும் சைக்கிள்ல ஸ்கூலுக்கு அனுப்பறதில்ல. பதினொண்ணாம் வகுப்புல அரசாங்கம் இலவசமா சைக்கிள் கொடுக்குது. நல்ல திட்டம். ஆனா ஓட்டறதுக்கு ரோடு எங்க? சைக்கிள் கொட்டகையில துருப்பிடிக்குது, பிள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்குதுங்க, பஸ்ஸை விட்டா ஸ்கூலையே விடுதுங்க. சைக்கிளைக் கொடுத்துட்டுப் பாதையைக் கொடுக்கலன்னா ஏரைக் கொடுத்துட்டு நிலத்தைக் கொடுக்காத கதைதான்.

அதனால நான் சொல்றது இதுதான். அந்த ரயில் மேட்டைச் சைக்கிளுக்குக் கொடுங்க. முதல்ல எங்க பிள்ளைகளுக்கு, புல்லுக்கட்டு சுமக்கறவங்களுக்கு. அப்புறம் உங்களுக்கு. தினம் நாலு பேர் வேலைக்குப் போற பாதைதான் பாதையா நிக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் ஆள் வர்ற பாதையை ரெண்டே மழையில முள்ளு மூடிரும்.

"ரயிலே திரும்ப வேணும்னு கேக்கறோம், நீ சைக்கிள்ங்கறியே"ன்னு எங்க ஊர்லயே சண்டைக்கு வர்றாங்க. ரயில் வந்தா முதல் டிக்கெட் நான்தான் எடுப்பேன். அமெரிக்காவுல 1983-ல இதுக்குன்னே சட்டத்துல வழி பண்ணியிருக்காங்க. ஓடாத ரயில் தடத்தைப் பாதையா வச்சுக்கலாம், நாளைக்கு ரயில் வேணும்னா திரும்ப எடுத்துக்கலாம். ஜனங்க நடமாடற தடம் துண்டு துண்டாப் போகாது. சும்மா கிடக்கற தடந்தான் வருஷத்துக்கு ஒரு முழமாக் காணாமப் போகுது.

மேட்டுல குடிசை போட்டுக் குடியிருக்கறவங்க இருக்காங்க. அவங்களைக் கிளப்பிட்டுப் பாதை போடணும்னா எனக்கு அந்தப் பாதையே வேணாம். அந்த இடத்துல வாய்க்கால் கரை வழியாச் சுத்திட்டுப் போகட்டும். சைக்கிளுக்கு ரெண்டு பர்லாங் சுத்து ஒரு சுத்தா?

தார் போடாதீங்க. எங்க வாய்க்கால் கரையில தார் போட்டாங்க, சைக்கிளுக்கு நல்லதுன்னு நினைச்சோம். மறு மாசமே மண் லாரிக்குக் குறுக்கு வழியாயிருச்சு. செம்மண் கிராவல் கொட்டி ரோலர் விட்டாப் போதும். ரெண்டு முனையிலும் கல்லு ஊனணும். அறுப்பு மிஷின் கடக்கற இடத்துல மட்டும் கேட் போட்டுச் சாவியை ஊர்ல கொடுங்க.

அதை விட முக்கியம் வடிகால். ஐப்பசி கார்த்திகையில வயலெல்லாம் தண்ணியா நிக்கறப்ப அந்த ரயில் மேடுதான் காய்ஞ்சு இருக்கும். பாதைக்கு அதுதான் நல்லது. ஆனா பழைய ரயில்காரங்க வச்ச மதகு, சின்னப் பாலம் எல்லாத்தையும் தூர் எடுத்துட்டுத்தான் மேல வேலை பாக்கணும். ஒரு மதகை மூடினாலும் நூறு ஏக்கர் சம்பா அழுகிரும்.

வர்ற உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும். வயல்ல பாட்டில் போடாதீங்க. உடைஞ்ச கண்ணாடி சேத்துல கிடந்தா கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலோட நடவு நடறவங்க காலைக் கிழிச்சப்புறம்தான் தெரியும். நடவு நடற பொம்பளைங்களைக் கேக்காம போட்டோ எடுக்காதீங்க. பாதையில நெல்லு காயுதுன்னா ஓரமா இறங்கித் தள்ளிட்டுப் போங்க. தாகமாயிருந்தா எந்த வீட்டுலயும் மோர் கேக்கலாம், கொடுப்பாங்க.

நிலம் ரயில்வேயோடது, அதனால மாநில அரசும் ரயில்வேயும் உக்காந்து பேசணும். திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல நான் ஒரு மனு கொடுத்திருக்கேன். நான் ஒருத்தன் கேட்டா விவசாயி ஏதோ கேக்கறான்னு விட்டுருவாங்க. சைக்கிள் கிளப் வச்சிருக்கற நீங்களும் எழுதுங்க. எழுதறப்ப கடற்கரை, கோட்டைன்னு மட்டும் எழுதாம, செம்பனார்கோயில் ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்கன்னும் ஒரு வரி சேத்து எழுதுங்க.

பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொன்னேன். "பாதை வந்தா சொல்லு, செயினுக்கு எண்ணெய் போடறேன்"னார்.