ஒரு வாஷருக்காக ஒரு பிரயாணம்

சகோதரிகளே, எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுச் சமையலறைக் குழாய் போன வாரம் ராத்திரி பூராவும் சொட்டியது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு! கிட்டத்தட்ட 20 லிட்டர். காவிரியும் கொள்ளிடமும் சுற்றி ஓடுகிற ஊர்தான். அதற்காக மனசு கேட்குமோ?

முன்பெல்லாம் தெருமுனை ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் தேய்ந்த வாஷரை நீட்டினால் போதும். "இது அரை இஞ்ச், மாமி. மேல வால்வை மூடிட்டுக் கழட்டுங்க, இல்லேன்னா குளிச்சிடுவீங்க" என்பார். நாலு ஆணி கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதும் கடையை மூடிவிட்டார். இப்போது அங்கே செல்போன் ரிப்பேர் நடக்கிறது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. போன தீபாவளிக்கு டிரில் மெஷினை செல்போனில் ஆர்டர் செய்தவள்தானே!

ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறித் திருச்சி போனேன். (2021லிருந்து சாதா டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லையோ, பிழைத்தேன்!) கண்ணாடி போட்ட பெரிய கடையில், "வாஷர் தனியா வராது, புதுக் குழாயே வாங்கிக்குங்க" என்றான் பையன். பெரிய கடை வீதியில் ஓர் இடுக்குக் கடைப் பெரியவர் பழசை விரலால் தடவிப் பார்த்து, டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஐந்தே ரூபாய்.

நாலாக வாங்கி வந்துவிட்டேன். மூன்று இப்போது அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.